அத்தியாயம் 6: பேனலைப் பார்த்து விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

சிமுலேட்டருக்கான ஆட்-ஆன் விமானங்களின் விளம்பரப் படங்களில் கண்ணைப் பறிப்பது வெளித்தோற்றம்தான். மாலை வெயிலில் மின்னும் இறக்கை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஏறும் மூக்கு, நமக்குப் பழக்கமான இண்டிகோ நீலம். ஆனால் வாங்கிய பிறகு அந்த விமானத்தை நீங்கள் வெளியிலிருந்து பார்க்கப்போகும் நேரம் மிகக் குறைவு. மும்பை சான்டாக்ரூஸில் கிளம்பிச் சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கும்வரை உங்கள் கண் ஓயாமல் போய்வரும் இடம், முன்னால் இருக்கும் கருவிப் பேனல். அது தெளிவாக இல்லையென்றால் எவ்வளவு அழகான விமானமும் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். தெளிவாக இருந்தால் எளிமையான பயிற்சி விமானம்கூடப் பல வருஷம் கற்றுக்கொடுக்கும்.

ஆகவே இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றே: உங்கள் திரையில், உங்கள் நாற்காலியிலிருந்து, காமிராவை நகர்த்தாமல் முக்கியக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படிக்க முடிகிற விமானத்தை வாங்குங்கள். அதை எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பாந்த்ரா கடலில் நடந்தது

கருவியைப் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மும்பைக்காரர்கள் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1978 ஜனவரி 1 இரவு, ‘எம்பரர் அசோகா’ என்று பெயரிடப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747, 855ஆம் எண் பயணமாகச் சான்டாக்ரூஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது. மேற்கு நோக்கிய ஓடுபாதையை விட்டு எழுந்தால் சில நொடிகளில் ஊர் விளக்குகள் பின்னுக்குப் போய்விடும்; முன்னால் இருப்பது அரபிக் கடலும் இருட்டும்தான். விமானம் வலப்பக்கம் லேசாகத் திரும்பிச் சமநிலைக்கு வந்தது. ஆனால் கேப்டன் முன்னால் இருந்த செயற்கைத் தொடுவானம் வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் விமானத்தை இடப்பக்கம் சாய்த்தார். கருவி மாறாததால் இன்னும் சாய்த்தார். புறப்பட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகாத நிலையில் விமானம் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதில் இருந்த 213 பேரும் இறந்தார்கள்.

கேப்டனின் கருவி பழுதான பிறகு, மற்றக் கருவிகளைக் கொண்டு விமானத்தின் நிலையை மீட்டெடுக்காமல் போனதை விசாரணை சுட்டிக்காட்டியது. வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவியோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம்தான் விமானம் ஓட்டும் கலையின் அடித்தளம். செயற்கைத் தொடுவானம், அதற்கு மாற்றாக வைத்திருக்கும் சிறிய தொடுவானம், திருப்பம் காட்டும் கருவி, வேகம், உயரம், திசை ஆகியவை ஒரே பார்வையில் விழுந்தால்தான் அந்தப் பழக்கம் கைகூடும். ஒவ்வொன்றையும் படிக்கக் காமிராவை நகர்த்தவும் பெரிதாக்கவும் வேண்டியிருந்தால் ஒத்துப்பார்ப்பதை மனசு தானாகவே விட்டுவிடும்.

முதலில் உங்கள் திரையை அளந்துகொள்ளுங்கள்

விமானம் தேடுவதற்கு முன் உங்கள் திரை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். செஸ்னா 172 விமானத்தின் உட்புற அகலம் சுமார் ஒரு மீட்டர். அதில் உள்ள வட்ட மீட்டர் ஒவ்வொன்றும் 3⅛ அங்குலம், அதாவது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அளவுக்கானது. முழுப் பேனலும் திரையின் அகலத்தை நிரப்பி நிற்கும்போது, 1920 பிக்சல் அகலமுள்ள மானிட்டரில் ஒரு வட்ட மீட்டருக்கு சுமார் 150 பிக்சல் கிடைக்கும். 1366 பிக்சல் அகலமுள்ள பழைய லேப்டாப்பில் அது 108 பிக்சலாகச் சுருங்கும்.

இந்த 108 பிக்சலுக்குள் ஆல்டிமீட்டர் எப்படித் தெரியும் என்று பாருங்கள். அதன் வட்டத்தைச் சுற்றி 0 முதல் 9 வரை எண்கள். இரண்டு எண்களுக்கு நடுவே ஐந்து பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் 20 அடி. மொத்தம் 50 கோடுகள். 108 பிக்சல் குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 340 பிக்சல் என்பதால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஏழு பிக்சல்கூட இல்லை. முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும். கோட்டை எண்ண முடியாது. காற்றழுத்தத்தைப் பொருத்தும் சிறு சன்னலில் உள்ள எண்கள் 3 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், இந்தத் திரையில் அவற்றுக்குக் கிடைப்பது நான்கு பிக்சல். நான்கு பிக்சலில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்குப் புது மானிட்டர்தான் வழி என்றில்லை. காமிராவைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், விமானியின் பக்கமுள்ள பாதிப் பேனல் மட்டும் திரையை நிரப்பும்படி வையுங்கள். பிக்சல் கணக்கு அப்படியே இரட்டிப்பாகும். அந்த நிலையைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020இல் கண்ட்ரோல், ஆல்ட், ஓர் எண் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் காமிரா நிலை சேமிக்கப்படும். ஆல்ட்டும் அதே எண்ணும் அதைத் திரும்பக் கொண்டுவரும். எக்ஸ்-பிளேனில் கண்ட்ரோலோடு வலப்பக்க எண்பலகையின் ஓர் எண்ணை அழுத்திச் சேமிக்கலாம். அந்த எண்ணைத் தனியாக அழுத்தினால் காட்சி திரும்ப வரும்.

உட்காரும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். தாராவியிலோ மாட்டுங்கா லேபர் கேம்பிலோ பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர்களுக்குத் திரை முகத்துக்கு நெருக்கமாகவே அமைந்துவிடும். அது இந்த விஷயத்தில் அனுகூலம். டியூப்லைட் திரையில் பிரதிபலிக்காதபடி மட்டும் திருப்பி வையுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. புத்தகம் படிக்கும் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. மானிட்டர் 60 சென்டிமீட்டரில் இருக்கும். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் தூரத்தைச் சொல்லித் தனியாக ஒன்று செய்துகொண்டால், பேனல் மங்கல் என்று நினைத்ததில் பாதி தீர்ந்துவிடும்.

வட்ட மீட்டரா, கண்ணாடித் திரையா

புதிய விமானங்களில் வட்ட மீட்டர்கள் போய்ப் பெரிய திரைகள் வந்துவிட்டன. சிறிய விமானங்களில் இந்த மாற்றத்தைப் பரவலாக்கியது 2004இல் வந்த கார்மின் ஜி1000. திரை என்றால் தெளிவு என்று பலரும் அதையே தேடி வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் கணக்கு மாறிவிடுகிறது.

ஜி1000இன் நிஜத் திரை 10.4 அங்குலம், அதில் 1024க்கு 768 பிக்சல்கள். விமானி அதை முழுமையாகப் பார்க்கிறார். நம் 1920 பிக்சல் மானிட்டரில் முழுப் பேனலும் தெரியும்படி வைத்தால், அந்தத் திரைக்குக் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 400 பிக்சல். பழைய லேப்டாப்பில் 290. அதாவது 1024 பிக்சலில் வரைந்ததைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்கிறோம். ரேடியோ அலைவரிசை, காற்றின் திசை, ஆட்டோபைலட் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சிறு எழுத்துகள் முதலில் அழிந்துபோகும்.

வட்ட மீட்டருக்கு இந்தப் பலவீனம் குறைவு. முள்ளின் கோணமே செய்தி. வேகம் காட்டும் மீட்டரில் எண் தெரியாவிட்டாலும் முள் பச்சை வளைவில் இருக்கிறதா, மஞ்சளைத் தொடுகிறதா என்று தெரியும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை ஏற்ற இறக்க மீட்டரின் முள் படுக்கைக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதிலேயே படித்துவிடலாம். ஆகவே லேப்டாப் ஒன்றே கைவசம் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை வட்ட மீட்டர் விமானம். 

இரண்டாவது மானிட்டர் வைக்க இடமிருந்தால் முடிவு மாறும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலது ஆல்ட்டை அழுத்தியபடி பேனலின் திரைமேல் கிளிக் செய்தால் அது தனி ஜன்னலாகப் பெயர்ந்து வரும். இழுத்து இரண்டாவது மானிட்டரில் விட்டுவிடலாம். எக்ஸ்-பிளேனிலும் ஜி1000 திரையைக் கிளிக் செய்து தனியே எடுக்க முடியும். லாமிங்டன் ரோட்டில் பழைய மானிட்டர் தேடும்போது, அலுவலகங்கள் கழித்துவிடும் 1280க்கு 1024 பிக்சல் கொண்ட சதுரவாக்கு மானிட்டரைக் கேளுங்கள். படம் பார்க்க அதை யாரும் விரும்புவதில்லை. ஜி1000இன் 1024க்கு 768 திரையோ அதில் ஒரு பிக்சல்கூடச் சுருங்காமல் உட்காரும். பழைய மானிட்டர்கள் பலவற்றில் விஜிஏ இணைப்பு மட்டுமே இருக்கும் என்பதால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இப்படிப் பெயர்த்தெடுக்க முடிவது கண்ணாடித் திரைகளைத்தான். முப்பரிமாணத்தில் வரைந்த வட்ட மீட்டர்கள் பேனலை விட்டு வராது.

ஆல்டிமீட்டரைத் தனியாகப் பாருங்கள்

பேனலில் ஒரே ஒரு கருவியைச் சோதிக்க நேரமிருந்தால் ஆல்டிமீட்டரைச் சோதியுங்கள். 1947இல் அமெரிக்க விமானப்படைக்காகப் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளிடமிருந்து கருவிகளைத் தவறாகப் படித்த 270 அனுபவங்களைத் திரட்டினார்கள். பல சுற்றுச் சுற்றும் முள்கள் கொண்ட கருவிகள் அதில் முக்கியமான இடம்பிடித்தன. 1949இல் வால்டர் கிரேதர் ஆல்டிமீட்டர் முகப்புகளை ஒப்பிட்டுச் சோதித்தபோது, மூன்று முள் கொண்ட பழைய அமைப்பு மோசமாகத் தேறியது. ஆயிரத்தைக் காட்டும் குட்டை முள்ளைக் கவனிக்காமல், நூறைக் காட்டும் நீள முள்ளை மட்டும் படித்துவிடுவதுதான் இதில் உள்ள அபாயம். ஒரு முள்ளும், நடுவில் எண் உருளையும் கொண்ட அமைப்பு எளிதாகப் படிக்க வருகிறது. ஆட்-ஆன் படங்களில் ஆல்டிமீட்டரின் நடுவே எண் உருளை தெரிந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்.

அடுத்து, அழுத்தச் சன்னல். இந்தியாவில் காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள். அமெரிக்க விமானங்களில் பல, பாதரச அங்குலத்தில் மட்டுமே காட்டும். 1013 என்பது 29.92, 1003 என்பது 29.62. இறங்கும் அவசரத்தில் இந்த மாற்றுக் கணக்கு வேண்டாத சுமை. ஹெக்டோபாஸ்கல் அல்லது மில்லிபார் சன்னலும் உள்ள ஆட்-ஆனைத் தேடுங்கள். இரண்டும் ஒரே அளவுதான்.

இது ஏன் நம் ஊரில் முக்கியம் என்றால், மழைக்காலத்தில் மும்பையின் காற்றழுத்தம் 1003 அளவுக்கு இறங்கும். சிமுலேட்டரில் அன்றைய நிஜ வானிலையைப் போட்டுவிட்டு, ஆல்டிமீட்டரை 1013இலேயே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. ஆகவே மீட்டர் நிஜத்தைவிட 280 அடி கூடுதலாகக் காட்டும். செம்பூருக்குத் தெற்கே உள்ள ட்ராம்பே குன்று ஏறத்தாழ ஆயிரம் அடி. மீட்டரில் 1300 பார்த்து நிம்மதியாக வருகிறவர், உண்மையில் குன்றின் தலையை உரசும் உயரத்தில்தான் இருக்கிறார். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ‘பி’ விசை அழுத்தத்தைத் தானாகப் பொருத்திவிடும். வசதிதான்; ஆனால் பொருத்திய எண்ணைச் சன்னலில் நீங்களே படித்து உறுதிசெய்ய முடிய வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

பேனலை மங்கலாக்கும் அலங்காரங்கள்

கண்ணாடிமேல் பிரதிபலிப்பு, கைரேகை, கீறல், தேய்ந்த எழுத்து, தூசி இவற்றையெல்லாம் நிஜம்போல் வரைவது ஆட்-ஆன் செய்கிறவர்களுக்குப் பெருமை. ஓட்டுகிறவருக்கு அது பல சமயம் இடைஞ்சல். பிரதிபலிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ விமானத்தின் அமைப்புகளில் வழியிருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

இரவு விளக்கு இன்னொரு முக்கியமான இடம். நல்ல பேனலில் ஒவ்வொரு மீட்டருக்கும் உள்விளக்கு இருக்கும். பேனல் முழுவதற்கும் பொது வெளிச்சம் தனியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே பொத்தானில் மொத்தமும் எரியும் விமானத்தில் மீட்டர் தெரிந்தால் வெளியே தெரியாது. வெளியே தெரிந்தால் மீட்டர் தெரியாது.

பழைய சிமுலேட்டருக்குச் செய்த விமானத்தை அப்படியே புதியதற்கு மாற்றிக் கொடுத்திருந்தால், மீட்டர்கள் குறைந்த பிக்சலில் வரைந்த பழைய படங்களாகவே இருக்கக்கூடும். வெளித்தோற்றத்துக்குப் புது வண்ணம் பூசியிருப்பார்கள். எழுத்துகளின் ஓரம் படிக்கட்டுப் போலத் தெரிந்தாலும், முள் வழுக்கிப் போகாமல் தத்தித் தத்தி நகர்ந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வண்ண வளைவுகள் சரியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். செஸ்னா 172எஸ் விமானத்தில் வெள்ளை வளைவு 40 முதல் 85 நாட் வரை. பச்சை 48 முதல் 129 வரை. மஞ்சள் 129 முதல் 163 வரை. 163இல் சிவப்புக் கோடு. இந்த அளவுகளை நிஜ விமானத்தின் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள். இதில் கவனமாக இருக்கும் தயாரிப்பாளர் மற்றதிலும் பெரும்பாலும் கவனமாக இருப்பார்.

விமானத்தைக் குறை சொல்லும் முன்

பேனல் மங்கலாக இருப்பதற்குப் பல நேரம் சிமுலேட்டரின் செட்டிங்ஸ்தான் காரணம். இவற்றைச் சரிபார்த்த பிறகே ஆட்-ஆனைப் பற்றி முடிவுக்கு வாருங்கள்.

ரெண்டர் ஸ்கேலிங் 100க்குக் கீழே இருந்தால் சிமுலேட்டர் குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். முதலில் அதை 100க்குக் கொண்டுவாருங்கள்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகள் வேகத்தைக் கூட்டும். ஆனால் கண்ணாடித் திரையில் ஓடும் எண்களுக்குப் பின்னால் வால்போல ஒரு நிழல் வரும். எண்கள் வேகமாக மாறும் உயரப் பட்டையில் இது நன்றாகத் தெரியும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டிஏஏ முறைக்கு மாற்றிப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் எழுத்து நிலைத்து நிற்கும்.

டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தால் பேனல் எழுத்துகளும் சேர்ந்தே மங்கும். கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் போதவில்லை என்றால் வெளியே உள்ள மரம், கட்டடம், மேகம் இவற்றைக் குறைத்து, டெக்ஸ்சரை உயர்த்தி வையுங்கள்.

கண்ணாடித் திரை எவ்வளவு அடிக்கடிப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் தனி அமைப்பு உண்டு. அது குறைவாக இருந்தால் செயற்கைத் தொடுவானம் விட்டு விட்டு நகரும்.

எதை எடுத்துத் தொடங்கலாம்

பணம் கொடுக்கும் முன் கையில் இருப்பதைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020இன் அடிப்படைப் பதிப்பிலேயே செஸ்னா 152 இருக்கிறது. வட்ட மீட்டர்கள், சின்னப் பேனல், தேவைக்கு மேல் எதுவும் இல்லை. எக்ஸ்-பிளேன் 12இல் செஸ்னா 172 வட்ட மீட்டரோடும் ஜி1000ஓடும் இரண்டு வடிவிலும் வருகிறது. இரண்டையும் உங்கள் திரையில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. எதற்கும் செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஃபிளைட்கியர் முழுக்க இலவசம். அதோடு வரும் செஸ்னா 172பி, அக்கறையோடு செய்யப்பட்டது.

வட்ட மீட்டரில் அடுத்த படிக்குப் போக விரும்புகிறவர்கள் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஜஸ்ட் ஃபிளைட்டின் பிஏ-28 வரிசை, ஏ2ஏவின் கோமாஞ்சி 250, பிளாக் ஸ்கொயரின் அனலாக் விமானங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கருவிகளின் வேலையை ஆழமாகச் செய்தவை இவை. பிளாக் ஸ்கொயரின் சில விமானங்களுக்கு மூல விமானம் உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். விவரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பெரிய விமானம் வேண்டுமென்றால் இலவசத்திலிருந்தே தொடங்குங்கள். ஃபிளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ், மும்பை வானில் தினமும் நாம் பார்க்கும் ஏ320நியோவைக் காசில்லாமல் தருகிறது. எக்ஸ்-பிளேனில் போயிங் 737-800க்கு ஸீபோ மாற்றம் அதேபோல இலவசம். இவற்றில் உங்கள் திரைக்குப் பெரிய விமானத்தின் பேனல் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு, ஃபெனிக்ஸின் ஏ320, பிஎம்டிஜியின் 737 போன்ற விலை கொடுத்து வாங்குபவற்றை யோசிக்கலாம். ஏ320இன் ஆறு திரைகளையும் லேப்டாப்பில் ஒரே காட்சியில் படிக்க முடியாது. அங்கே கேப்டன் பக்கத்து இரண்டு திரைகளும், நடுவில் உள்ள மாற்றுத் தொடுவானமும் சேர்ந்து தெரியும்படி ஒரு காட்சியைச் சேமித்துக்கொள்வதே வழி.

மூன்று சோதனைப் பறப்புகள்

கடையில் வேட்டியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதுபோல, விமானத்தையும் அதன் நெசவு தெரியும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மும்பையே போதும்.

முதல் சோதனை: சான்டாக்ரூஸ், ஓடுபாதை 27, இரவு. விமான நிலையத்தின் குறியீடு விஏபிபி. ஓடுபாதையில் நிற்கும்போதே அழுத்தத்தைப் பொருத்துங்கள். ஆல்டிமீட்டர் சுமார் 40 அடி காட்ட வேண்டும். அதைப் படிக்க முடிகிறதா? பிறகு கிளம்பிக் கடல்மேல் போங்கள். வெளியே எதையும் பார்க்காமல், 3000 அடிவரை ஏறி, வலப்பக்கம் 15 டிகிரி சாய்த்துத் திரும்புங்கள். சாய்வைத் தொடுவானத்தின் மேல்விளிம்புக் கோடுகளில் படியுங்கள். அது உண்மைதானா என்று திருப்பக் கருவியிலும் திசைக் கருவியிலும் ஒத்துப்பாருங்கள். காமிராவைத் தொடாமல் இதைச் செய்ய முடிந்தால் பேனல் முதல் சோதனையில் தேறிவிட்டது.

இரண்டாவது சோதனை: மேற்கிலிருந்து ஓடுபாதை 09க்கு இறங்குவது. ஜுஹுவின் 08ஆம் ஓடுபாதை இதற்கு முன்னாலேயே, கிட்டத்தட்ட அதே திசையில் கிடக்கிறது. 1953இல் பிஓஏசியின் காமெட் ஒன்றும், 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஒன்றும் சான்டாக்ரூஸ் என்று எண்ணி ஜுஹுவில் இறங்கின. ஜுஹு ஓடுபாதையின் நீளம் 1143 மீட்டர்தான். டிசி-8 பாதையைத் தாண்டி ஓடியது. கண்ணுக்குத் தெரியும் முதல் ஓடுபாதையை நம்பாமல், வழிகாட்டும் முள் நடுவில் நிற்கிறதா, திசைக் கருவி என்ன காட்டுகிறது என்று படிப்பதற்கு இது அருமையான பயிற்சி. திசைக் கருவியில் பத்து டிகிரி வித்தியாசத்தை நொடியில் சொல்ல முடியாத பேனல் இங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது சோதனை: ஜுஹுவிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹுவுக்கு ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்க காலத்தில் நம் இரண்டு ஊர்களையும் இணைத்த தடம் அது. செயற்கைக்கோள் வரைபடத்தை அணைத்துவிட்டு, திசைகாட்டி, கடிகாரம், வேகம் காட்டும் மீட்டர் ஆகியவற்றை மட்டும் நம்பி ஓட்டுங்கள். நீண்ட பயணம் என்பதால் கண் களைப்பு தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நெற்றியைச் சுருக்காமல் மீட்டர்களைப் படிக்க முடிந்தால் அந்தப் பேனல் உங்களுக்குப் பொருத்தமானது.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. பாதிப் பேனல் திரையை நிரப்பும்போது முக்கியக் கருவிகள் எல்லாம் ஒரே காட்சியில் படிக்க வருகின்றனவா?

2. மாற்றுத் தொடுவானம் அல்லது திருப்பக் கருவி அதே காட்சியில் விழுகிறதா?

3. ஆல்டிமீட்டரில் எண் உருளை இருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதல். அழுத்தச் சன்னல் ஹெக்டோபாஸ்கலில் காட்டுகிறதா? அந்த எண் என் திரையில் தெரிகிறதா?

4. இரவு விளக்குகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? பிரதிபலிப்பை நிறுத்த முடிகிறதா?

5. இது என் சிமுலேட்டரின் பதிப்புக்கென்றே செய்ததா, பழையதை மாற்றியதா?

6. கண்ணாடித் திரை என்றால் அதைத் தனியே எடுத்து வைக்க என்னிடம் இரண்டாவது மானிட்டர் இருக்கிறதா?

7. பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஸ்டீமில் பொதுவாக 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். ஆட்-ஆன்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. முதல் இரண்டு சோதனைகளை அந்த நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மற்ற இடங்களில் விதிமுறையைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

முதல் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மற்றவற்றுக்கு வந்தால் செட்டிங்ஸை மாற்றியோ பழைய மானிட்டர் ஒன்றைச் சேர்த்தோ சமாளிக்க முடியுமா என்று யோசியுங்கள். இன்று இரவே, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் விமானத்தை ஓடுபாதை 27இல் நிறுத்தி, முதல் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அடுத்த அத்தியாயத்தில் கருவிகளை எந்த வரிசையில் பார்ப்பது என்று கற்கப்போகிறோம். அதற்கு அந்தப் பேனலே போதும் என்று தெரிந்தால் புதிதாக எதையும் வாங்கவே வேண்டாம்.